அமுங்காத கறுப்புக் கட்டை

ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். அக்கா இருந்தாள். நான் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை மாடியில் எங்கள் கீபோர்டு வகுப்பு. அந்தக் கட்டிடத்தை இப்போது இடித்துவிட்டார்கள். இன்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பால் சுண்டுகிற வாசனை வந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஜி ஸ்கேல் என்கிற ஸ்வர வரிசையைத் தப்பில்லாமல் வாசித்தால்தான் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் வாசிக்க விடுவார்கள். அதில் எஃப் வருகிற இடத்தில் எஃப் ஷார்ப் என்கிற கறுப்புக் கட்டையை அமுக்க வேண்டும். சாயங்காலமானால் கடைக்காரர் சட்டியில் சுரண்டியதை இலையில் வைத்து மேலே அனுப்புவார். டீச்சர் அதைத் தின்றுகொண்டே, நான் வாசிக்க வாசிக்க, தின்ற விரலாலேயே அந்தக் கறுப்புக் கட்டையைக் குத்திக் குத்திக் காட்டுவார்.

“ஏலே, எஃப் ஷார்ப் எங்கலே?”

“கட்டை ஒட்டிக்கிச்சு டீச்சர். அமுங்க மாட்டேங்கு.”

“வெரல்ல தெம்பில்ல, கட்டையக் குத்தம் சொல்லுதியா? ஒங்கக்கா நல்லாத்தான வாசிக்கா?”

அக்கா எங்கே வாசித்தாள்? அந்த இடம் வந்ததும் வாயால் பாடிவிடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு அவள்தான் வாசித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

மாடியில் இருந்த கீபோர்டில் கட்டைகள் அறுபத்தொன்று. ஒலித்தவை அறுபது.