அண்ணி மூச்சு வாங்கிய இடம்

என் அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறார். யார் எப்போது வர வேண்டும் என்று எழுதி வைப்பதும், பயத்தில் நழுவப் பார்ப்பவர்களைப் பேசிப் பேசி உட்கார வைப்பதும்தான் வேலை. விடுமுறை நாட்களில் ஸ்டுடியோவில் கோரஸ் பாடுவார். ஆறு வருடமாகக் கூட்டத்தில் ஒரு குரல். இந்த வருடம்தான் முதல்முறையாக நான்கு வரிகள் தனியாகப் பாடக் கொடுத்தார்கள்.

வீட்டில் அதிகம் குதித்தது நான்தான். பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்னவென்று தெரியாமல் இருக்கிறேன். அண்ணன் என்னை ‘வெட்டி ஆபீசர்’ என்றுதான் கூப்பிடுவான். பாட்டு வெளிவர ஒரு வாரம் இருக்கும்போதே, ஓசியில் பாட்டு இறக்கும் ஒரு தளத்தில் அது கிடைத்துவிட்டது. சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு, அண்ணி வேலை பார்க்கும் மருத்துவமனையின் டாக்டர் என்று ஒருவரையும் விடாமல் அனுப்பினேன்.

அண்ணி வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வரியில் அவர் முகம் மாறியது.

“இது எங்கடி கிடைச்சுது?”

“நெட்லதான் அண்ணி. எல்லாருக்கும் அனுப்பிட்டேன்!”

“எல்லாருக்குமா?”

அந்த வரியில் ‘போகாதே’ என்று ஒரு சொல். அதன் நடுவில் அண்ணி மூச்சு வாங்கியிருந்தார். ‘போ... காதே’ என்று கேட்டது. அவரே கெஞ்சி அனுமதி வாங்கி, லீவு போட்டுப் போய், அந்த வரியை ஒரே மூச்சில் திரும்பப் பாடிக் கொடுத்திருக்கிறார். வெளிவரப் போவது அதுதான். நான் ஊருக்கெல்லாம் அனுப்பியது பழையது.

“அதானே பார்த்தேன், யாரோ காதை வீட்டை விட்டுத் துரத்துறாங்களேன்னு,” என்றான் அண்ணன். அண்ணி சிரிக்கவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் ஒண்ணு எடுத்துக்கிட்டா அவங்ககிட்ட குறையவா போகுது? பாட்டு அங்கேயும் இருக்கு, இங்கேயும் இருக்கு.” எப்போதும் நான் சொல்லும் நியாயம் இது.

“அது நான் பாடி முடிக்காததுடி. அதைப் போய்த் தூக்கிட்டு வந்துட்டே,” என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார்.

சரியான பாட்டு வெளிவந்ததும் எல்லோருக்கும் அனுப்பினேன். ஒருவரும் திறந்து கேட்கவில்லை. “அனுப்பினதையே எத்தனை தடவை அனுப்புவே? போன்ல இடமில்ல,” என்றார் அத்தை. திருட்டுப் பாட்டு தப்பு என்று பள்ளியில் சொன்னபோதெல்லாம், பணக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்றே நினைத்தேன். இன்றும் பணத்தைப் பற்றிப் பேசினால் வாதாடுவேன். ஆனால் ஒருவர் ‘இது சரியில்லை’ என்று ஒதுக்கி வைத்ததை எடுத்துப் பரப்ப நான் யார்?

அண்ணிக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து, டாக்டர் அந்தப் பழைய பாட்டையே காத்திருக்கும் அறையில் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். ஆசையாகச் செய்கிறவரிடம் எப்படிச் சொல்வதென்று அண்ணி வாய் திறக்கவில்லை. நாள் முழுக்கத் தன் தப்பைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது தெரிந்த அன்றே நான் நேரே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“நல்லாத்தானேம்மா இருக்கு? இவ்வளவு சின்னத் தப்பு யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி, ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, “எனக்குத் தெரிஞ்ஜிது டாக்தர்,” என்றார். “காது எங்க போகணும்னு ரெண்டு நாளா யோஜிக்கிறேன்.”

திறந்திருந்த கதவுக்கு வெளியே அண்ணி தன் மேஜையில் முகம் கவிழ்த்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, “மாத்திடுங்க டாக்டர். அது நான் வேண்டாம்னு வச்சது,” என்றார்.

மாற்றினோம். இரண்டாவது வரி நெருங்கியதும் அண்ணியின் பேனா நின்றது. சொல் முழுதாக வந்து போனது. அங்கிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. அண்ணி பேனாவை மூடிவிட்டு, “அடுத்தது யாருங்க?” என்று கூப்பிட்டார்.