பந்தயத்தில் பஸ் ஓட்டியவர்

கை நடுங்கத் தொடங்கியதும் டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி, டிப்போவில் சாவி கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். சாவியைக் கொக்கியில் மாட்ட முடியாமல் போனபோது அங்கிருந்தும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். விடிந்தால் மலைபோல் துணி காத்திருக்கும். போவதற்கு முன் அவரைக் குளிப்பாட்டி, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போவாள்.

அதில் இருந்தது ஒரே ஒரு கார் பந்தய விளையாட்டு. பல வருடப் பழசு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி எப்போதோ போட்டுக் கொடுத்தது. டிரைவர் அதில் ஒருநாளும் பந்தயம் ஓட்டியதில்லை, பஸ்தான் ஓட்டினார். மலைப்பாதையைத் தேர்ந்தெடுப்பார். மற்ற கார்கள் சீறிக்கொண்டு போக, இவர் இடது ஓரமாக அவற்றுக்கு வழி விட்டுப் போவார். வளைவுக்கு வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைப்பார். எல்லோரும் போய்ச் சேர்ந்து, திரையில் கைதட்டலெல்லாம் அடங்கிய பிறகு இவர் வந்து சேருவார்.

"என்ன, ஸ்டாப்பிங்ல ஆள் ஏத்திட்டு வர்றீங்களா?" என்பாள் மனைவி.

"நின்னுட்டு வர்றவங்க விழுந்துட்டா நீயா கட்டுப் போடுவே?" என்பார் அவர்.

பாதையோரத் தடுப்பில் உரசாமல் ஒரு முழுச் சுற்று வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவளுக்கும் அது முக்கியம். உரசாமல் வந்த நாளில் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். கைப் பயிற்சிக்கு முரண்டு பிடிக்க மாட்டார். முடியாத நாளில் வாயைத் திறக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அவருக்குப் பார்வை மங்கி, கழுத்தை நீட்டி நீட்டித் திரையைப் பார்த்ததில் பிடரியில் வலி வந்தது. பெரிய திரை வாங்கலாம் என்று அவள்தான் முடிவு செய்தாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்து திரைக்குப் படம் வரைந்து தரும் பழைய கிராபிக்ஸ் கார்டு பெரிய திரையைத் தாங்காது என்று தம்பி புதுக் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தான்.

கார்டை மாட்டியதும் விளையாட்டு திறக்கவே இல்லை. திரை கறுப்பாக நின்றது.

"பழைய டிரைவரைத் தூக்கிட்டுப் புது டிரைவர் போடணும் மாமா" என்றான் தம்பி, கார்டை இயக்கும் மென்பொருளைச் சொல்லி.

"தூக்குங்க மாப்ள. என்னையும் அப்படித்தான் தூக்கினாங்க."

தம்பி சிரிக்கவா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள். புது டிரைவரைப் போட்ட பிறகும் மரங்களெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. எதையோ மாற்றினான், எதையோ அழித்தான். கடைசியில் மலை பச்சையாக வந்தது, சாலை பளபளத்தது. கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவசரமாகக் கிளம்பிப் போனான். ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து டிரைவர் பேசுவதைக் குறைத்தார். சாப்பாடும் குறைந்தது. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். விடுமுறை நாளன்று அவள் பின்னால் நின்று பார்த்தாள். அவர் கீபோர்டில் விசையைத் தொட்டதும் கார் பாய்ந்தது, முதல் வளைவிலேயே தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. மறுபடி ஓட்டினார், மறுபடி மோதியது. அவர் கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

"கை போயிடுச்சு" என்றார். "ஒரே வாரத்துல போயிடுச்சு."

தினம் அந்தக் கையைப் பிடித்துவிடுகிறவள் அவள். ஒரு வாரத்தில் அப்படி எதுவும் ஆகிவிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி உட்கார்ந்து ஓட்டினான். அவன் காரும் அதே வளைவில் கவிழ்ந்தது.

"அடச்சே! மாமா, இது உங்க கையில்ல, கார்டு! பழைய கேம்ல, ஒவ்வொரு படத்துக்கும் வண்டி இவ்வளவு நகரணும்னு எழுதி வச்சிருக்கான். பழைய கார்டு மெதுவாப் படம் வரையும். இது மூணு மடங்கு வரையுது, வண்டியும் மூணு மடங்கு ஓடுது."

"அன்னைக்கே ஓட்டிப் பாத்திருந்தா என்னடா? ஒரு வாரமா மனுஷன் சோறு சரியாத் திங்கல" என்றாள் அக்கா.

திட்டு வாங்கிக்கொண்டே அவன் ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தான். இயந்திரத்தின் பழைய உறுமல் திரும்ப வந்தது. டிரைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்தது. "நான்கூட என்னவோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

முதல் வளைவைக் கடந்தார். இரண்டாவதில் விரல் விசையை விட்டு எழ நேரமாயிற்று, கார் தடுப்பில் தேய்த்துக்கொண்டே போனது. அடுத்ததில் மோதி நின்றது. இன்னொரு முறை ஓட்டினார். அப்போதும் அதேதான். கார்டைக் குறை சொல்ல இனி இடமில்லை. தம்பி கழற்றிய திருகுகளைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டான்.

அவள் அவனைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"அந்த வரம்பு வச்சியே, அதை இன்னும் குறைச்சா?"

"கேமே மெதுவாப் போகும் அக்கா."

"போகட்டும். எங்க மாத்தணும்னு எனக்குக் காட்டு."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாம பாத்துக்கறேன். நீ காட்டு."

எண் எழுதும் கட்டத்தை அவன் காட்டினான். ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் விட்டு விட்டுத் தெரியும், கார் நின்று நின்று தாவும், அதற்கு மேல் குறைத்துப் பயனில்லை என்றும் சொன்னான். அந்த எண்ணை அவள் மனதில் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை அவர் குளியலறையில் இருந்தபோது கொஞ்சம் குறைத்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, "உரசாம ஒரு சுத்து வந்துட்டேன்" என்றார். "கார்டு இப்பதான் சரியா உக்காந்திருக்கு."

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்து வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டார்.

மழைக்காலம் வந்தபோது கரண்டியை அவரால் வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. அப்போது இன்னொரு முறை குறைத்தாள். நடக்கச் சுவரைப் பிடிக்க ஆரம்பித்தபோது மறுபடியும். ஒவ்வொரு முறையும் சில வாரங்களுக்குத் தடுப்பில் உரசாமல் வருவார், பிறகு கார் மறுபடி உரசத் தொடங்கும். உரசல் சத்தம் கேட்கும்போதே தம்பி சொன்ன எண்ணுக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவள் மனம் கணக்குப் போடும்.

ஒருநாள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று சொன்னார்:

"அடுத்த தடவை குறைக்கிறப்போ சொல்லிட்டுக் குறை."

அவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

"எப்பருந்து தெரியும்?"

"இஞ்சின் சத்தம் தெரியாதா எனக்கு? முதல் நாளே தெரியும். திடீர்னு வேகம் மாறினா வளைவுல தடுமாறுது. ஆள் இருக்கிற வண்டிய அப்படி ஓட்டக் கூடாது."

"கோவமா?"

"கோவப்பட்டு எந்திரிச்சு எங்க போகப் போறேன்? சோத்தைக் குடு, ஆறுது."

அவள் ஊட்டினாள். வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உரசல் சத்தம் மட்டும் மறுபடி வரத் தொடங்கியது. ஒரு விடுமுறை நாள் காலையில் நாற்காலியை மேசையருகே தள்ளிவிட்டு, அவள் அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னைக்குக் குறைக்கப் போறேன்."

"நேத்தே கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

எண்ணை மாற்றினாள். அவர் விரலை எடுத்து விசைமேல் வைத்தாள். கார் புறப்பட்டது. சாலை லேசாக வெட்டி வெட்டித் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். இன்னும் எத்தனை முறை குறைக்க முடியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இதுதான் கடைசி என்று அவள் சொல்லியிருப்பாள்.