புரட்டாசியில் போட்ட மொட்டை

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தொன்பது. உச்சந்தலையில் முடி பாதிக்குமேல் போய்விட்டது. போர் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து, கிணறு தேடிப் போய்க் குளித்துப் பார்த்தேன். பலனில்லை. தலையைப் பார்த்தே இரண்டு பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மூன்றாவது இடம் ராயக்கோட்டை. பெண்ணின் அப்பா தக்காளி பயிர் செய்பவர். பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் நான் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். புரட்டாசி மாதம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. சந்தனமும் பூசியிருந்தேன். வேண்டுதல் என்று சொன்னேன். அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது. பக்தியான மாப்பிள்ளை என்று அவருக்கு மகிழ்ச்சி. தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

ஒரு மாதத்தில் காதோரமும் பின்னாலும் முடி வளர்ந்தது. உச்சியில் வளரவில்லை. தொப்பி போட்டு மறைக்க ஆரம்பித்தேன்.

"என்ன மாப்ள, பெருமாள் நடுவுல மட்டும் திருப்பித் தரலயா?" என்று அறையில் கூட இருந்தவர் சிரித்தார். பெங்களூரில் முடி நடுகிற டாக்டர் இருப்பதாகவும் அவர்தான் சொன்னார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

டாக்டர் கன்னடக்காரர். தமிழ் பேசினார். தண்ணீராலா, தொப்பி போடுவதாலா என்று கேட்டேன். "தண்ணியும் இல்ல, தொப்பியும் இல்ல. ஆம்பளைங்களுக்கு வம்சத்துல வர்றது" என்றார். பின்னந்தலை முடி சுலபத்தில் கொட்டாதாம். அதைத் துண்டு துண்டாக எடுத்து முன்னால் நடுவார்களாம். "புதுசா எதுவும் விளையாது. இருக்கறத இடம் மாத்தறோம், அவ்ளோதான்." நட்டதும் ஒருமுறை கொட்டிவிட்டுத்தான் வளருமாம். நன்றாகத் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாமாம். என் முடி இன்னும் கொட்டிக்கொண்டிருப்பதால் பொறுத்திருப்பதே நல்லது என்றார்.

தையில் கல்யாணம் என்றேன்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு தனியாக ராயக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினேன்.

பெண்ணின் அப்பா என் தலையையே பார்த்தார். "என்னப்பா இது?"

"வழுக்கைங்க. வேண்டுதல்லாம் இல்லீங்க. மறைக்கத்தான் மொட்ட போட்டேன்."

"அட, வழுக்கைன்னா வழுக்கைன்னு சொல்லிட்டுப் போறது! சாமி பேரச் சொல்லியா பொய் சொன்ன?"

கல்யாணம் நின்றது என்றே நினைத்துத் திரும்பினேன். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "அப்பா, இன்னும் என்னென்ன மறைச்சிருக்காருன்னு கேளுங்க."

"எட்டாவது படிச்சிருக்கேன்னு சொன்னேன். அஞ்சாவதுதாங்க" என்றேன்.

அவள் கதவருகே வந்து நின்று, முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"அப்பா, சாப்ட்டுப் போகச் சொல்லுங்க."

தையில் கல்யாணம் நடந்தது. முடி நடும் யோசனையை விட்டுவிட்டேன். என் மனைவி இத்தனை வருஷத்தில் என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஷிஃப்ட் முடிந்து தாமதமாக வந்து நான் காரணம் சொல்லும்போதெல்லாம், "நெசமா?" என்று ஒருமுறை கேட்பாள். வழுக்கை பிறப்போடு வந்தது, அந்தக் கேள்வியை நானாகத்தான் சம்பாதித்தேன் என்பதால், இன்றைக்கும் கோபப்படாமல் "நெசந்தான்" என்று பதில் சொல்கிறேன்.