சாக்கு சுற்றிய மணி

பாலிடெக்னிக் முடித்த வருடம், போடிமெட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஒரு மணி செய்து கொடுத்தேன். காய் உலர்த்தும் அறையில் சூடு அளவு மீறினால் வெளியே அடிக்கும். உடனே அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட வேண்டும். சூடு மிஞ்சினால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள்.

என் நோட்டில் பட்டியல் இருந்தது. டிரான்ஸ்பார்மர், ரிலே, நான்கு ஐ.சி., கெப்பாசிட்டர். எல்லாவற்றுக்கும் எதிரே டிக். கெப்பாசிட்டர் மட்டும் கடையில் இருந்ததிலேயே பெரியது, கட்டைவிரல் பருமன். மின்சாரம் தடுமாறினால் அது ஒன்றே தாங்கிக்கொள்ளும் என்று நம்பினேன்.

மணி பொருத்திய மூன்றாம் வாரம் ஜீப்பில் போய் இறங்கினேன். சித்தப்பா ஒரு தட்டை நீட்டினார். முதல் பறிப்பு, அத்தனையும் வைக்கோல் நிறம். மணியைப் பார்த்தேன். அதன்மேல் சாக்குத் துணி சுற்றிச் சணலால் இறுக்கியிருந்தது. சூடு மிஞ்சி அது அடித்தது யார் காதிலும் விழுந்திருக்காது.

“யாரு கட்டுனது?”

“நாந்தான் ஆத்தா,” என்றார் பின்னால் வந்து நின்ற தோட்டத்துக் கங்காணி. “காத்தாடியப் போட்டாப் போதும், ஒம் மணி அடிச்சுருது. காப்பித் தண்ணிக்குத்தான் அடிக்கிறாகன்னு காய் பறிக்கிற பொம்பளைக கூடையோட ஏறி வந்துர்றாக. ஒரு நாளைக்கு எத்தன தடவ காப்பி ஊத்துறது?”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?” என்றார் சித்தப்பா.

“படிச்ச புள்ள செஞ்சது. நாம என்னத்தச் சொல்ல?”

சாக்கை அவிழ்த்துவிட்டு உலர்த்தும் அறையின் மின்விசிறியைப் போட்டேன். அடுப்பு ஆறிக் கிடந்தும் மணி அடித்தது. சரிவில் இரண்டு பெண்கள் நிமிர்ந்து கூடையை இடுப்பில் வைத்தார்கள்.

விசிறி மோட்டார் கிளம்பும்போது மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகத் துள்ளுகிறது. என் பெரிய கெப்பாசிட்டர் ஐ.சி.களிலிருந்து ஒரு முழம் ஒயருக்கு அப்பால் இருந்தது. அத்தனை வேகமான துள்ளலை அங்கிருந்து அதனால் பிடிக்க முடியாது; ஐ.சி. அதைச் சூடு என்று எடுத்துக்கொண்டு மணியை அடித்துவிடுகிறது. ஒவ்வொரு ஐ.சி.யின் காலடியிலும் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு செராமிக் கெப்பாசிட்டர் வேண்டும். பாடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

போடிக்கு இறங்கி நான்கு வாங்கி வந்து மறுநாள் பற்றவைத்தேன். விசிறியை இருபது முறை போட்டு அணைத்தேன். மணி அசையவில்லை. பிறகு சூட்டை உணரும் முனையைக் கங்காணியின் காப்பி டம்ளரில் ஒட்டிப் பிடித்தேன். அடித்தது.

நோட்டில் கெப்பாசிட்டர் வரியை அடித்துவிட்டு, பெரியது ஒன்று, சிறியது நான்கு என்று ஐந்து வரிகளாக எழுதினேன். சித்தப்பா வைக்கோல் நிறக் காயை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கங்காணி சாக்குத் துணியைத் தூக்கிப் போடவில்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.