ஆடிப் பதினெட்டுக்குக் கொடுத்த தாலி

அரங்கநாதனை நாங்கள் முதலாளி என்று கூப்பிட்டதே இல்லை. அடகுக்கடை வைத்திருந்தாலும் எங்களுக்கு அவர் அண்ணன்தான். சங்கராபுரத்தில் ஒரு கடை, ரிஷிவந்தியத்தில் ஒன்று, திருக்கோவிலூரில் ஒன்று. மூன்றையும் கட்டி ஆள, அவருக்கும் அவர் பெண்சாதி ஆயம்மாளுக்கும் சொந்தமாக ஒரு கம்பெனி. "கடைக்கு மேல ஒரு கடையாண்ணே?" என்று கேலி செய்வோம்.

கரும்பு வெட்டு ஓய்ந்துவிட்டால் எங்கள் கழுத்துப் பொன் அவரிடம் போய்விடும். கயிற்றில் தாலிக்குப் பதில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டு களையெடுப்போம். ஆனால் ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் கயிறு மாற்ற வேண்டுமே. அந்த ஒரு நாளைக்கு மட்டும் தாலியை எங்கள் கையில் கொடுத்துவிடுவார். ஆற்றில் கும்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுப்போம். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஒருத்திகூட ஏமாற்றியதில்லை. அதனால்தான் எங்கள் தெருவே அவரிடம் போனது.

பிறகு பஸ் நிலையத்தைச் சுற்றிப் பெரிய கம்பெனிகள் வந்தன. ஏசி ரூம், வட்டி கம்மி. பாங்குக்காரர்களும் நகைக்கடன் என்று போர்டு வைத்தார்கள். ஆட்கள் அந்தப் பக்கம் சாயவே, அண்ணனும் வட்டியைக் குறைத்தார். அது அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் கடையில் போய் நின்றோம். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாளைக்கு வாங்களேன், செல்லியம்மா" என்றார் என்னிடம்.

"நாளைக்கு ஆத்துக்குப் போவறதா, உங்க கடைக்கு வர்றதா?" என்றாள் என்னோடு வந்த பெரியம்மாள். "இன்னாண்ணே, எங்க தாலிய நீங்க கட்டிக்கினு இருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"நகை இங்க இல்லம்மா. பாங்குல வெச்சிருக்கேன்."

குறைந்த வட்டிக்குக் கொடுக்கப் பணம் வேண்டி, எங்கள் நகைகளையே பாங்கில் மறு அடகு வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கென்று கேட்டால் பாங்கு எடுத்துக் கொடுக்குமா? கடனை அடைத்தால்தான் நகை வரும்.

பெரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இந்த நேரத்தில் தாலி போன இடம் தெரியாமல் போனால் அவள் மாமியார் சும்மா விடுவாளா?

நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "தாலி வராம எழுந்திரிக்க மாட்டேன். வூட்ல போயி இன்னான்னு சொல்றது?"

உள்ளேயிருந்து ஆயம்மாள் வந்தாள். "எதிர்க் கம்பெனிக்காரன் விலைக்குக் கேட்டுக்கினேதான இருக்கான்? நம்ம கம்பெனிய அவனுக்கே குடுத்துடுங்க. இவங்க தாலிய மீட்டு வாங்கியாந்து குடுங்க."

அண்ணன் செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டிப் போனார். அவர்கள் கொடுத்த முன்பணத்தை வைத்து பாங்குக் கடனை அடைத்து, பொழுது சாயத் தாலிகளோடு வந்தார். மூன்று கடையும் கைமாறிப்போயிற்று.

"ஒரு நாளைக்குக் குடுக்கறதுக்கு இந்த ஒரு தடவைதாம்மா புதுக் கம்பெனிக்காரங்க ஒத்துக்கினாங்க" என்றார்.

மறுநாள் கயிறு மாற்றினோம். அதற்கு மறுநாள் ஒருத்தி விடாமல் திருப்பிக் கொடுத்தோம். வாங்கி வைத்தவர் அண்ணன்தான், புதுக் கம்பெனியின் சம்பளக்காரராக.

அடுத்த ஆடியில் கடைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வேறு ஒருவர் இருந்தார்.

"அந்தப் பழக்கம்லாம் எங்க கம்பெனியில இல்லம்மா."

"அண்ணன் எங்க?"

"அவரு இன்னிக்கி லீவு."

நான் விடவில்லை, வீட்டுக்கே போனேன். என் கழுத்து மஞ்சள் துண்டைப் பார்த்ததும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்களக் கேக்காம வெச்சது தப்புதான். அதுக்காவ மூஞ்சிய மறைச்சிக்கினு இருப்பீங்களா? நிமிருங்கண்ணே."

அவர் நிமிரவில்லை. ஆயம்மாள்தான் புதுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.