லாசாலில் அசையாமல் நிற்பது

லாசால் ஆற்றங்கரைப் பூங்காவில், ஒரு சிறு கூட்டத்தோடு சேர்ந்து, பெரிய பானையைக் கட்டிப்பிடித்ததுபோல் கைகளை வளைத்துக்கொண்டு நிற்கிறேன். சீனர்களின் தாவோ முறையில் மூச்சை நிதானப்படுத்தும் பயிற்சியாம். என்னை இழுத்துவந்த மலர் அக்கா பக்கத்தில் அசையாமல் நிற்கிறார். அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். தோள் கடுக்கிறது, கொசு கடிக்கிறது, அமைதி மட்டும் வந்தபாடில்லை.

"இதுல என்னதான்கா கிடைக்குது?" என்று எரிச்சலோடு கேட்கிறேன்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "என்ர மனுசன் செத்தாப்பிறகு நாள் முழுக்க மனசுக்குள்ள அவரோட சண்டைதான், தம்பி. நெஞ்சு நோகுதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு. இப்பிடி நிக்கிற நேரம் மட்டும்தான் அந்தாளைச் சும்மா விடுறன்."

பயிற்சி முடிந்து எல்லோரும் கலைகிறார்கள். அக்கா நின்றுகொண்டே இருக்கிறார். பசி வயிற்றைக் கிள்ளுகிறது. ஆனாலும், போகலாமா என்று கேட்க வாய் வரவில்லை.