பட்டியலில் இருபத்துமூன்றாவதாக ஒரு ஊர்

"23. அட்டையில் செய்த ஊர். ஒன்று. நல்ல நிலை. கொடுத்தவர் பெயர் இல்லை."

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலப் பட்டியலில், அக்டோபர் கடைசி ஞாயிறு காலை பத்தேகால் மணிக்கு எழுதப்பட்ட வரி இது. கையெழுத்து என்னுடையது. இருபத்திரண்டாவது பொருள் இரண்டு ரப்பர் ஷீட். இருபத்துநான்காவது, கால் கட்டிய சேவல். நடுவில் ஒரு ஊர் இருந்தது. மேஜையில் இருப்பதை எழுதுவது என் வேலை, எழுதினேன். எண் போட்ட துண்டுத்தாளை அதன் சர்ச் கோபுரத்தில் செருகியும் வைத்தேன்.

அந்த ஊர் எங்கள் ஊர்தான். கட்டடக்கலை படிக்கும் ஐந்து மாணவர்கள், குலசேகரம் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து, இரண்டு வாரம் அளந்து செய்த மாதிரி. ஜங்ஷனில் பஸ் நிறுத்தத்தை எப்படிக் கட்டலாம் என்று ஊராரிடம் கேட்டு வடிவமைப்பது அவர்களுடைய பாடம். முதல் யோசனையாக ஒரு நிறுத்தத்தையும் மாதிரியில் வைத்திருந்தார்கள். அன்று மாலை மூன்று மணிக்குப் பேராசிரியர் வந்து பார்ப்பார். ஊரார் கருத்து இல்லையென்றால் பாடத்தை அடுத்த வருஷம் மறுபடி படிக்க வேண்டும்.

கருத்துதான் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்கள் விருந்தாளியிடம் குறை சொல்ல மாட்டார்கள். மாணவர்களின் நோட்டில் மூன்று பக்கம் "நல்லா இருக்கு" என்றே இருந்தது. ஒரு வீட்டில் கருத்துக்குப் பதிலாக ஒரு ஏத்தன் வாழைக்குலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அன்று காலை அவர்கள் மாதிரியைச் சபை ஹாலின் நீள மேஜையில் வைத்துவிட்டு, புட்டும் கடலையும் சாப்பிடப் போனார்கள். அதே மேஜையில்தான் ஆராதனை முடிந்து வந்தவர்கள் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் நல்லமிளகும் வைத்தார்கள். அந்த மேஜைக்கு வந்துவிட்டால் அது காணிக்கை, ஏலத்துக்குப் போகும். யாரும் திரும்பக் கேட்பதில்லை.

ஏலம் விட்டவர் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். மைக்குக்கு ஓய்வு கொடுக்கும் குரல். பதினொன்று நாற்பதுக்கு அவர் கத்தினார்:

"அடுத்து ஊரு! ஒரு முழு ஊரு! யாருக்கு வேணும் ஊரு?"

"ஏலே, அது நம்ம ஊருல்லா!" என்றது பின்வரிசை. நாற்காலிகள் காலியாயின. ஆளாளுக்கு விரலை நீட்டிக்கொண்டு மேஜையை மொய்த்தார்கள். வாத்தியார் பிரம்பை உயர்த்தினார். "தொட்டா விலை கேக்கணும்! சும்மா தொடப்படாது!"

அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"எனக்க வீட்டுக்க கிணறு எங்கல? இருநூறு!"

"பஸ் ஸ்டாப்ப இப்பிடித் திருப்பி வெச்சா மழ மொத்தமும் உள்ளதான் அடிக்கும். முந்நூறு!"

"பெஞ்சுக்கு முன்னால எதுக்குத் தூணு? பஸ்ஸு வருதான்னு தூண்கிட்ட கேக்கவா? நானூறு!"

"இஞ்ச பஸ்ஸு திரும்பணும்னா எனக்க கடைக்குள்ள வந்துதான் திரும்பணும். ஐநூறு!"

மாணவர்கள் திரும்பி வந்தபோது விலை எழுநூறு. குழுத் தலைவியான பெண் என்னிடம் ஓடி வந்தாள்.

"அங்கிள்! அது எங்க மாடல்! மூணு மணிக்கு சார் வர்றார்!"

"பட்டியல்ல ஏறிட்டு மக்கா."

"அடிச்சிடுங்களேன்!"

"மையால எழுதிட்டேனே."

இந்தப் பதிலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அவளுடைய தோழன் ஏலம் கேட்கக் கையைத் தூக்கினான். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். கூட்டத்தைக் கவனித்தாள். "நீ கேக்காத. எழுது!" என்று சொல்லி, என் பேனாவைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தாள். ஐந்து பேரும் ஐந்து மூலையில் நின்று எழுதினார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு ஊர் விலைபோனபோது அவர்களிடம் ஆறு பக்கம் இருந்தது.

ஏலத்தில் எடுத்தவர் வளைகுடாவிலிருந்து திரும்பிக் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருப்பவர். மூன்று மணிவரை கடனாகத் தருமாறு அவள் கேட்டாள்.

"காணிக்கைய எடுத்துட்டுத் திருப்பி ஹாலுக்குக் கொண்டாரப்படாது, பிள்ளே. உனக்க சாரு நம்ம வீட்டுக்கு வரட்டு. சோறும் உண்டு, கோழியும் உண்டு."

கோழி, பட்டியலில் இருபத்துநான்கு. அதையும் அவரே எடுத்திருந்தார்.

அப்படியாக, ஒரு பல்கலைக்கழகத் தேர்வு கம்பிக் கடைக்காரரின் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. நானும் கூடப் போயிருந்தேன். பேராசிரியர் மூன்று ஐந்துக்கு வந்தார். ஆறு பக்கத்தையும் படித்தார்.

"இது என்னம்மா? 'தூண் மறைக்கிறது, நானூறு'?"

"எவ்வளவு அழுத்தமா சொன்னாங்கங்கறது சார்," என்றாள் அவள், கண் இமைக்காமல்.

பேராசிரியர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து மாதிரியை உற்றுப் பார்த்தார். வெள்ளை அட்டை வீடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு வீட்டின்மேல், தீப்பெட்டியில் செய்த மாடி ஒன்று நின்றது. ஜன்னல்கூட வரைந்திருந்தது.

"இந்த மாடி உங்க வடிவமைப்பா?"

வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டின் மொட்டைமாடியில், கட்டாத மாடிக்கான கம்பிகள் பல வருஷமாகத் துருப்பிடித்து நிற்கின்றன. மாதிரியில் மாடி முளைத்திருந்தது அந்த வீட்டில்தான்.

"மக்களோட விருப்பம் சார்," என்றாள் பெண்.

"பங்கேற்பு என்றால் இதுதான்," என்று பேராசிரியர் மற்ற நால்வரையும் பார்த்துச் சொன்னார். ஐந்து பேரும் தேர்ச்சி. புதன்கிழமை அவளே போன் செய்து சொன்னாள், தங்கள் வடிவமைப்பிலிருந்து தூணை எடுத்துவிட்டார்களாம்.

மாதிரி பன்னிரண்டு ஐந்துக்கு ஹாலை விட்டுப் போனபோது அந்த வீட்டில் மாடி இல்லை. இதற்கு நானே சாட்சி. மாணவர்கள் ஒட்டியது என்கிறார் வீட்டுக்காரர். அவர் ஒட்டியது என்கிறார்கள் மாணவர்கள். அவர் மனைவியோ, கோழிக்கு அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி தேடி அலைந்ததாக மட்டும் சொல்கிறார். மாடியைக் கட்டியது யார் என்பது இதுவரை உறுதிப்படவில்லை.